உடைக்கறதுக்குள்ள வந்துருங்க

“தம்பி, உங்களுக்கு ஆகற மாதிரி ஒரு உலை வந்திருக்குதுங்க. நாளைக்குக் காத்தால ஆளுக உடைச்சுருவாங்க. வேணும்னா உடைக்கறதுக்குள்ள வந்துருங்க.”

உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் அண்ணன் போன வருடம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு இப்படிப் போன் செய்தார். அவருடைய கணக்கில் உலை என்பது இரும்பு. வெளித்தகடு இத்தனை கிலோ, ஆங்கிள் இத்தனை கிலோ, செம்புக் கேபிள் இருந்தால் அது தனி. உள்ளே இருக்கிற செங்கல் அவருக்குக் குப்பை. சுத்தியலால் தட்டி உதிர்த்துவிட்டுத்தான் தகட்டைத் தராசில் ஏற்றுவார்கள். எங்களுக்கு அந்தச் செங்கல்தான் உலையே. அதனால்தான் விடியும் முன்பே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கணபதியில் பழைய லேத் பட்டறை ஒன்றின் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, பதினோரு பேர் சேர்ந்து ஒரு பொதுப் பட்டறை நடத்துகிறோம். அதில் மூன்று பேர் மண் வேலை செய்கிறவர்கள். எனாமல் நகை செய்யும் அக்கா ஒருவர். கத்தி அடிக்கும் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர். மீதிப் பேர் கொஞ்சம் மரம், கொஞ்சம் இரும்பு, வார்ப்பில் ஆசை. எல்லாருக்கும் நெருப்பு வேண்டும், ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறு நெருப்பு. எனாமலுக்கு 800 டிகிரி செல்சியஸ் சுமார். கத்தியைப் பதப்படுத்த அந்த எஃகைப் பொறுத்து 800 முதல் 1000-க்குக் கொஞ்சம் மேல் வரை. மண்ணை முதல் சூடு போட 1000. ஸ்டோன்வேர் என்றால் 1220, 1280 என்று போய்க்கொண்டே இருக்கும்.

புதிதாக ஒரு நல்ல மின்சூளை வாங்க விலை கேட்டோம். அந்தப் பணத்துக்குக் கொட்டகை வாடகையையே மூன்று வருடம் கட்டிவிடலாம். ஆகவே பழையது. அதிலும் ஒரே பெரிய சூளை வேண்டாம், சின்னதாக மூன்று போதும் என்று முதலிலேயே முடிவு செய்தோம். பொது இடத்தில் பெரிய சூளை வாங்கினால் அது நிறையும் வரை எல்லாரும் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருத்தர் பூசிய கிளேஸ் இன்னொருத்தர் பானையில் ஒழுகும். சின்ன உலையை ஒருத்தர் ஒரு சாயங்காலத்தில் ஏற்றி எரித்து முடித்துவிடலாம். இதில் எனக்கு இன்றுவரை மாற்றுக் கருத்து வரவில்லை.

கோயம்புத்தூர் பழைய உலை தேடுகிறவருக்கு நல்ல ஊர். பம்பும் மோட்டாரும் வார்ப்படமும் இங்கே தெருத்தெருவாக வளர்ந்தவை. ஒரு சின்ன ஃபவுண்டரி மூடினால் அதோடு ஒட்டிய சோதனைக் கூடமும் மூடும். அங்கே ஒரு மஃபில் உலை இருக்கும். ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை கை மாறினால் பழையது வெளியே வரும். பல் செட் செய்கிற லேப்களில் மெழுகை எரித்து எடுக்கும் குட்டி உலைகள் உண்டு. கல்லூரிகள் ‘கண்டெம்’ செய்த சாமான்களை ஏலம் விடும். மத்திய அரசு நிறுவனங்களின் கழிவுச் சாமான்கள் எம்எஸ்டிசியின் இணைய ஏலத்தில் வரும். 1964-இல் இரும்புக் கழிவு வியாபாரத்துக்காகத் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் அது. ஏலத்தில் ஒரு சங்கடம், லாட்டாகத்தான் எடுக்க வேண்டும். நாங்கள் ஒரு கல்லூரி ஏலத்தில் எடுத்த மஃபில் உலையோடு பதினேழு உடைந்த ஸ்டூலும் இரண்டு மேஜை மின்விசிறியும் வந்தன. ஸ்டூல்களை மர வேலைக்காரர்கள் சரிசெய்துவிட்டார்கள், இப்போது எல்லாரும் அதில்தான் உட்காருகிறோம்.

மண் வேலைக்கான சூளை வேண்டுமென்றால் புதுச்சேரிப் பக்கம் விசாரிக்க வேண்டும். 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே கற்றுக்கொண்டவர்கள் சுற்றுவட்டாரத்தில் தனித்தனியாகப் பட்டறை போட்டார்கள். அப்படி வளர்ந்த ஊரில் யாராவது பெரிய சூளைக்கு மாறுவார்கள், யாராவது ஊர் மாறுவார்கள். எங்கள் மின்சூளை அந்தப் பக்கத்தில் இருந்துதான் வந்தது.

சரி, உக்கடத்துக்கு வருகிறேன்.

நான் போனபோது உலை குப்புறக் கிடந்தது. முன்பக்கம் கதவு, உள்ளறை ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம், ஒன்றரை அடி ஆழம். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். வெள்ளைச் செங்கல். விரல் நகத்தால் கீறினால் பொடியாக வருகிற, தண்ணீரில் ஊறிய ரஸ்க் போன்ற மென்மையான வெப்பக்காப்புச் செங்கல். சாதாரண ஃபயர் பிரிக் ஒன்றைக் கையில் தூக்கினால் மூன்றரை, நான்கு கிலோ கனக்கும். இது அதில் பாதிகூட இருக்காது. உள்ளே முழுக்கக் காற்றுக் குமிழிகள். சூட்டை வெளியே விடாது, தானும் அதிகம் குடிக்காது. சிறு பட்டறைக்கு இதுதான் வேண்டும். ஆனால் லாரியில் ஒரு குலுக்கல் குலுக்கினால் மூலை உதிர்ந்துவிடும்.

சுவர்களில் வாய்க்கால் போட்டு அதில் சுருள் சுருளாக எலிமென்ட் கம்பி. கன்தால் வகைக் கம்பி, அதாவது இரும்பும் குரோமியமும் அலுமினியமும் கலந்தது. இந்தக் கம்பிக்கு ஒரு குணம். புதிதில் வளைத்தால் வளையும். ஒருமுறை நன்றாகச் சூடாகிவிட்டால் ஆறிய பிறகு அப்பளம் மாதிரி ஒடியும். வாய்க்காலை விட்டு ஒரு சுருள் வெளியே தொங்குகிறதே, கையால் உள்ளே தள்ளிவிடுவோம் என்று ஆசைப்படக் கூடாது. சிவக்கச் சூடேற்றி, மின்சாரத்தை மெயினில் அணைத்துவிட்டு, கம்பி ஆறும் முன் இடுக்கியால் மெதுவாகத் தள்ள வேண்டும். பழைய உலை வாங்குகிறவர்கள் முதல் நாளே செய்கிற தப்பு இதுதான். நானும் வேறொரு உலையில் செய்து ஒரு சுருளை ஒடித்திருக்கிறேன்.

இந்த உலையில் சுருள்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எடைக்கு என்ன வருமோ அதோடு ஒரு ஐந்தாயிரம் சேர்த்துக் கொடுத்தேன். அண்ணன், “பேனல் இல்லீங்க தம்பி, வேணும்னா இத எடுத்துக்கங்க” என்று மூலையில் கிடந்த வேறொரு கட்டுப்பாட்டுப் பெட்டியையும் தூக்கிக் கொடுத்தார். அதில் ஒரு டிஜிட்டல் கன்ட்ரோலரும் கான்டாக்டரும் இருந்தன. எனக்கு அப்போது அது பெரிய லாபமாகத் தெரிந்தது.

நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யாராவது இதைப் படித்து ஒரு உலையைக் காப்பாற்றினால் போதும்.

மழையில் கிடந்த உலை. செங்கல் தண்ணீர் குடித்திருக்கும். மெகர் வைத்துப் பார்த்தால் மின்கசிவு காட்டியது, கசிவு இருந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டவுடன் விழுந்தது. இதற்கு வைத்தியம், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, உள்ளே 100, 120 டிகிரியில் மணிக்கணக்காக உலர்த்துவது. முதலில் ஒரு நாள் முழுக்க நூறு வாட் பல்பை உள்ளே எரியவிட்டோம். கசிவு குறைந்தது. பிறகு பேனலை இணைத்து, 200 என்று வைத்து, மெதுவாக ஏறட்டும் என்று விட்டோம். சாயங்காலம் ஆறரை மணி. டிஸ்ப்ளே 90, 110, 130 என்று ஏறியது. ஆவி வந்தது. எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

150 காட்டும்போது எங்களில் வயதில் மூத்தவர், ஃபவுண்டரியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுந்து போய்க் கதவு இடுக்கில் பார்த்தார். “டேய் அணைங்கடா” என்று கத்தினார். ஓடிப்போய் மெயினை இழுத்தோம்.

சுருள் சிவந்திருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அறை சூடாகும் முன்னரே சுருள் சிவக்கும், அது இயல்பு. செங்கல் சுவரே மங்கலான சிவப்பாக இருந்தது. 150 டிகிரியில் உலகத்தில் எதுவும் சிவக்காது. இருட்டில் கண்ணுக்குச் சிவப்புத் தெரிய வேண்டுமென்றால் 550, 600 டிகிரியாவது வேண்டும்.

காரணம் மறுநாள் தெரிந்தது. உள்ளே சூட்டை அளக்க இருந்த தெர்மோகப்பிள் எஸ் டைப். பிளாட்டினமும் பிளாட்டினம்–ரோடியமும் சேர்ந்த, 1200-க்கு மேலும் தாங்குகிற வகை. பேனலில் இருந்த கன்ட்ரோலர் கே டைப்புக்கு வைக்கப்பட்டது. கே டைப் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் தரும். எஸ் டைப் 1000 டிகிரியிலேயே மொத்தம் ஒன்பதரை மில்லிவோல்ட்தான் தரும். கே டைப் அதே 1000-இல் 41 மில்லிவோல்ட்டுக்கு மேல் தரும். ஆக, உண்மையில் 590-ஐ ஒட்டிச் சூடு இருந்தபோது கன்ட்ரோலர் 150 என்று படித்தது. நாங்கள் வைத்த 200-ஐ அது எட்டும் வரை விட்டிருந்தால் உள்ளே 780 ஆகியிருக்கும். 400 என்று வைத்திருந்தால் எலிமென்ட்டும் செங்கலும் உருகும் வரை நிற்காது.

ஈரச் செங்கலை அரை மணி நேரத்தில் 600-க்கு ஏற்றியதில் பின்சுவரில் இரண்டு செங்கல் பிளந்துவிட்டன. உள்ளே அடைபட்ட ஆவி வேறு எங்கே போகும்? நல்லவேளை, எலிமென்ட் ஓடும் வரிசை இல்லை. மாற்றிவிட்டோம்.

இப்போது எந்த உலை வந்தாலும் முதல் வேலை தெர்மோகப்பிளைக் கழற்றி வகை பார்ப்பது. கனமான கம்பி, காந்தத்தில் ஒரு கால் மட்டும் ஒட்டினால் கே டைப்பாக இருக்கும். தலைமுடி மாதிரி மெல்லிசாக, பீங்கான் குழாய்க்குள் பத்திரமாக ஓடுகிற, காந்தத்துக்கு அசையாத கம்பி என்றால் பிளாட்டினம். (அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பழைய உலையில் முதலில் உருவுவது இதைத்தான். குழாய் மட்டும் இருந்து உள்ளே கம்பி இல்லாத உலைகள் நிறையப் பார்த்துவிட்டேன்.) சரியாக மாட்டிய பிறகும் டிஸ்ப்ளேயை அப்படியே நம்புவதில்லை. கத்திப் பையன்கள் ஒரு சோதனை கண்டுபிடித்தார்கள். ஒரு மைல்ட் ஸ்டீல் துண்டை உள்ளே வைத்துப் படிப்படியாக ஏற்றி, அவ்வப்போது வெளியே எடுத்துக் காந்தத்தில் தொட்டுப் பார்ப்பது. 770-ஐ ஒட்டி இரும்பு காந்தத்துக்கு மசியாமல் போகும். எங்கள் உலையில் 750 காட்டும்போது ஒட்டியது, 790-இல் ஒட்டவில்லை. அன்றைக்குத்தான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மண் வேலைக்காரர்கள் கோன் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். குறிப்பிட்ட சூட்டில் தலை சாய்கிற அந்தச் சின்ன மண் கூம்புகள் எந்த மீட்டரை விடவும் அவர்களுக்கு நெருக்கம்.

இந்தக் கதையில் எனக்கு உறைத்த விஷயம் வேறு. கடை அண்ணனிடம், உலை எங்கே இருந்து வந்தது என்று நான் கேட்கவே இல்லை. பிறகு கேட்டேன். மூடிப்போன ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை. அதில் அந்த உலையை இருபது வருடம் ஓட்டியவர் இப்போது சரவணம்பட்டிப் பக்கம் இருக்கிறார் என்று நம்பர் கொடுத்தார். போன் செய்தேன். நான் உலையின் அளவைச் சொல்லி முடிக்கும் முன்னே, “அது எஸ் டைப்புங்களே, யாரும் சொல்லலீங்களா?” என்றார்.

ஒரே ஒரு போன். இரண்டு செங்கல் பிழைத்திருக்கும்.

அதற்குப் பிறகு உலை பார்க்கப் போகும்போது உலையைவிட, அதை எரித்த ஆளைத்தான் முதலில் தேடுகிறேன். முதலாளிக்குத் தெரியாது, புரோக்கருக்குத் தெரியாது. லேப் அட்டெண்டருக்கும் ஆபரேட்டருக்கும்தான் தெரியும். எந்த ஃபேஸ் அடிக்கடி போகும், கடைசியாகக் காயில் மாற்றியது எப்போது, முக்கியமாக உள்ளே என்ன வைத்து எரித்தார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்காகவே ஒரு உலையை வேண்டாம் என்றேன். பார்க்கப் புத்தம் புதிதாக இருந்தது, விலையும் குறைவு. ஈயம் உருக்கியது என்று அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மா சொன்னார். செங்கல் குடித்த ஈயம் அடுத்த சூட்டில் ஆவியாகி வரும். எங்கள் ஆட்கள் சாப்பாட்டுத் தட்டு செய்கிறவர்கள்.

இன்னொரு உலையைக் கதவைப் பார்த்தே விட்டுவிட்டோம். விளிம்பில் வெள்ளைக் கயிறு, பஞ்சு பஞ்சாகப் பிரிந்திருந்தது. பழைய உலைகளில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்ல முடியாத இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்கிறோம். செராமிக் ஃபைபர் போர்வை போட்ட உலைகளும் கவனிக்க வேண்டியவை. புதிதில் மெத்தென்று இருக்கும். பல வருடம் 1000-க்கு மேல் எரிந்த பிறகு அது நொறுங்கிப் பொடியாகும், அந்தப் பொடியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கும். வேலை செய்ய வேண்டியிருந்தால் தண்ணீர் தெளித்து ஈரப்படுத்தி, சரியான ரெஸ்பிரேட்டர் போட்டு, இரட்டைப் பையில் கட்டி எடுக்க வேண்டும். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

கல்லூரி ஏலத்து மஃபில் உலைக்கு வேறு கணக்கு. அதன் தகட்டில் 230 வோல்ட், 3.5 கிலோவாட் என்று அடித்திருந்தது. அப்படியானால் காயில் 15 ஓம் காட்ட வேண்டும். மீட்டர் வைத்தால் பதினெட்டரை. கம்பி வயதாகி மெலிந்து, எதிர்ப்பு கூடிவிட்டது, இப்போது 2.9 கிலோவாட்கூடத் தராது. ஏலத்துக்கு முன் பார்வை நாளில் இதை அளந்ததால், புதுக் காயிலுக்கான பணத்தைக் கழித்துத்தான் எங்கள் தொகையைக் கேட்டோம். ஒரு சின்ன மல்டிமீட்டர் சட்டைப்பையில் இருந்தால் போதும். புதுச்சேரிப் பக்கம் வெளிநாட்டில் இருந்து வந்த சூளைகளும் விலைக்கு வரும். அதில் 208 வோல்ட் என்று எழுதியிருந்தால் யோசியுங்கள். நம் 230-இல் மாட்டினால் இருபது சதவீதத்துக்கு மேல் கூடுதல் சக்தி இழுத்துக் காயிலைத் தின்றுவிடும். 240 என்றிருந்தால் எட்டு சதவீதம் குறைவு, கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

சூளையோடு, உள்ளே பானைகளை அடுக்கும் தட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். புதிதாக வாங்கினால் அதுவே ஒரு தொகை. சந்தையில் பானை வாங்கும்போது அம்மா விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பாளே, அதே வேலைதான். தொங்கவிட்டுத் தட்டினால் நல்ல தட்டு கணீர் என்கும். விரிசல் விட்டது சொத்தென்று சொல்லும்.

புதுச்சேரிப் பக்கத்துச் சூளையை ஏற்றி வந்தது தனிக் கதை. சூளையின் மூடி, தட்டு, தெர்மோகப்பிள் எல்லாம் கழற்றிப் பழைய பஞ்சு மெத்தையில் சுற்றி, அடியில் இரண்டு லாரி டியூப் காற்றடித்து வைத்து, குட்டி யானையில் ஏற்றினோம். அந்த டிரைவர் தம்பியை மறக்க முடியாது. “உள்ளே முட்டை இருக்குதுன்னு நெனச்சு ஓட்டுப்பா” என்று ஒரே ஒருமுறைதான் சொன்னேன். வழியில் இருந்த ஒவ்வொரு வேகத்தடைக்கும் இறங்கிப் பார்த்துவிட்டு ஏற்றினான். மூடியில் ஒரு ஓரம் மட்டும் சிறிது உதிர்ந்தது.

வந்த சூளை நான்கு மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. 9 கிலோவாட் சூளையை மூன்று ஃபேஸில் பிரித்துப் போட்டாலும் ஒரு ஃபேஸுக்கு 13 ஆம்பியர் வரும். எங்கள் கொட்டகையில் இருந்தது ஒற்றை ஃபேஸ். ஈபியில் விண்ணப்பம், கட்டட உரிமையாளர் கையெழுத்து, புது வயரிங், எர்த்துக்குக் குழி என்று ஒவ்வொன்றாக முடிய அவ்வளவு நாள் ஆகிவிட்டது. உலைக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னே லோடுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேஸ் உலையை இன்னும் எடுக்கவில்லை. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். எங்கள் கொட்டகைத் தரை தெருவைவிட இரண்டடி பள்ளம். வார்ப்பு ஆசைக்காரர்கள் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும்.

உக்கடத்து உலையை ஓட்டியவர் போன மாதம் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு நீளமான கணக்கு நோட்டு. பட்டறை மூடிய அன்று குப்பையில் போட மனசில்லாமல் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் தேதி, பாகம், எஃகு, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம். ஓரத்தில் சிவப்பு மையில் சின்னச் சின்னக் குறிப்புகள். “இடது பின்மூலை 15 டிகிரி கம்மி” என்று ஓரிடத்தில் இருந்தது. அந்த மூலையில் வைத்த கத்தி மட்டும் ஏன் சரியாகக் கடினமாகவில்லை என்று பையன்கள் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் உலையைச் சுற்றி வந்தார். மாற்றிய இரண்டு செங்கலையும் உடனே கண்டுபிடித்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் கதவைச் சாத்தப் போனேன். “அப்படி இல்லீங்க தம்பி” என்று என் கையை விலக்கிவிட்டு, கைப்பிடியை ஒரு நூல் அளவு மேலே தூக்கி, உள்ளே அழுத்தி, பிறகு இறக்கினார். இத்தனை நாள் மேல் விளிம்பில் தெரிந்துகொண்டிருந்த வெளிச்சக் கீற்று காணாமல் போயிருந்தது.

“கீல் தேஞ்சு பத்து வருசமாச்சுங்க” என்றார். “தூக்கித்தான் சாத்தோணும்.”